தரங்கம்பாடியில் நான்கு நாட்கள்

கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ மூவாயிரம் அடி உயரத்தில் குடியிருக்கும் நமக்குக் கடலைப் பற்றிய எண்ணம் எளிதில் எழுவதில்லை. பிரேசர் டவுனில் வாழ்வோருக்கு நீர்ப்பரப்பு என்றால் அல்சூர் ஏரிதான். மாலை வேளைகளில் என் மக்கள் இருவரையும் அங்கே அழைத்துச் சென்று, "கடலும் இப்படித்தான் இருக்கும், எதிர்க்கரை மட்டும் தெரியாது" என்று சொல்லி வைத்திருந்தேன். மூத்தவனுக்கு வயது 14, இளையவளுக்கு 11. இருவரும் அதை நம்பியிருந்தனர். நான் சொன்னது எவ்வளவு பெரிய பொய் என்பது சென்ற கோடை விடுமுறையில்தான் வெளிப்பட்டது.

அதற்குக் காரணமாய் அமைந்தவை சில புகைப்படங்கள். என் தங்கையின் குடும்பம் ஜெர்மனியில் வாழ்கிறது. கோடை வந்தால் அந்நாட்டார் பலர் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து தெற்கே இறங்கி, அட்ரியாட்டிக் கடலோரத்தில் குடும்பத்தோடு சில நாள் தங்கி வருவது வழக்கம். தங்கையும் அவ்வாறே குரோவேஷியா நாட்டுக் கடற்கரைக்குச் சென்று வந்து, படங்களை அனுப்பியிருந்தாள். கண்ணாடி போல் அடி தெரியும் நீர். மணலுக்குப் பதில் கூழாங்கற்கள். கரையை ஒட்டிப் பைன் மரங்கள். தீவுகள் அரணாய் நிற்பதால் அலையென்று சொல்லத்தக்க அலையே இல்லை. ஸ்பிளிட் என்னும் ஊரில், உரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் 305ஆம் ஆண்டில் முடி துறந்த பின் வந்து தங்கிய அரண்மனைச் சுவர்களுக்குள்ளேயே இன்றும் மக்கள் வீடு கட்டிக் குடியிருக்கின்றனராம். அதன் முன்னே தங்கையின் பிள்ளைகள் பனிக்கூழ் தின்றுகொண்டு நிற்கும் படத்தை என் மகள் நெடுநேரம் பார்த்தாள். பிறகு, "அப்பா, நமக்கு ஒரு கடல் இல்லையா?" என்று கேட்டாள்.

இல்லாமல் என்ன? இரண்டு பக்கத்திலும் இருக்கிறது. மங்களூர்ப் பக்கம் போகலாமா, புதுச்சேரிக்குப் போகலாமா என்று என் மனைவியும் நானும் இரண்டு நாள் பேசினோம். அப்போதெல்லாம் என் தாயார் வாய் திறக்கவில்லை. அவர் பிறந்தது தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் உள்ள பொறையாரில். கடலோரத்தில் பிறந்தவரை வீட்டில் வைத்துக்கொண்டு, கடல் எங்கே இருக்கிறது என்று நாங்கள் தேடியது வேடிக்கைதான். தரங்கம்பாடிக்கே போவோம் என்று நான் சொன்னவுடன் அம்மா, "நீங்கள் போய் வாருங்கள். எனக்கு எதற்குக் கடல்? நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். முழங்கால் வலியை நினைத்துத்தான் அப்படிச் சொல்கிறார் என்று எண்ணினேன். மருந்துகளை எடுத்துக்கொண்டு, வற்புறுத்தி அழைத்துச் சென்றோம்.

இங்கே சிறிது விலகிச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் பகுதியின் கதை அன்பர்கள் பலரும் அறிந்ததே. 1809 முதல் இராணுவக் குடியிருப்பு இங்கு உருவானபோது, அதனோடு ஆர்க்காட்டுச் சீமையிலிருந்து சிப்பாய்களும் கொத்தர்களும் வண்டிக்காரரும் சமையற்காரரும் கடைக்காரரும் வந்தனர். 1898இல் வந்த கொள்ளைநோய்க்குப் பிறகு, நெருக்கமான தெருக்களிலிருந்து மக்களை வெளியேற்றிக் காற்றோட்டமாகக் குடிவைக்கத் திட்டமிட்ட புதுப் பகுதிகளுள் ஒன்றுதான் 1910இல் தோன்றிய நம் ஊர். மைசூரில் ஆங்கில அரசின் பிரதிநிதியாய் இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர் அதற்கு இடப்பட்டது. இன்று அரசுப் பதிவில் அது புலிகேசி நகர். பேச்சில் இன்றும் பிரேசர் டவுன். என் தந்தைவழியார் ஆர்க்காட்டு வழியாக வந்தவர்கள். அம்மா மட்டும் சோழநாட்டுக் கடற்கரையிலிருந்து 1968இல் மணமாகி இங்கு வந்தவர். அப்போது அவருக்கு வயது 19. அந்நாளில் கோல்ஸ் சாலையில் மழைமரங்களின் நிழலில் நடந்தபோது, காதில் ஏதோ குறைவது போல் இருந்ததாம். என்ன குறைகிறது என்று தெரிந்துகொள்ளவே ஒரு வாரம் ஆயிற்றாம். கடலின் ஓசை!

பொறையாருக்கு அவர் கடைசியாகச் சென்றது 1984இல், தம் தந்தையாரின் காரியத்திற்கு. அதன்பின் என் மாமன்மார் வீட்டை விற்றுவிட்டுச் சென்னைக்குப் பெயர்ந்தனர். பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள அங்கே எதுவும் இல்லாமற் போயிற்று.

மைசூரிலிருந்து பெங்களூர் வழியாக மயிலாடுதுறைக்குச் செல்லும் இரவு வண்டியில் ஏறினோம். ஓசூரைத் தாண்டும் வரை பிள்ளைகள் சன்னலை விட்டு அகலவில்லை, பின்பு இருட்டிவிட்டது. கண் விழித்தபோது காவிரி நாடு வந்திருந்தது. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் சூன் 12. நாங்கள் சென்றது மே மாதம். ஆகையால் படங்களில் காணும் பச்சைக் கம்பளத்தை எதிர்பார்த்துச் செல்பவர் ஏமாந்துதான் போவர். வாய்க்கால்களில் நீர் இல்லை; உழுத வயல்கள் வெடித்துக் கிடந்தன; இடையிடையே கோடைப் பருத்தி நின்றது. ஆனால் தஞ்சாவூர் கடந்ததும் அம்மாவின் முகம் மாறிற்று. ஒவ்வொரு நிலையத்தின் பெயரையும், வண்டி அங்கே சேர்வதற்கு முன்பே சொல்லிக்கொண்டு வந்தார். கும்பகோணத்தில் காப்பி வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "பெங்களூர்க் காப்பி இதைவிட நன்றாக இருக்கும்" என்றார். ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஓரூரில் வாழ்ந்தவர் அல்லவா?

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி முப்பது கிலோமீட்டர் அளவு. முன்னாளில் அங்கே செல்வதற்குக் கிளை இரயில் ஒன்று ஓடியது. அம்மா மணப்பெண்ணாய்ப் புறப்பட்டது அதில்தான். அப்பாதை எடுக்கப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பேருந்தில் சென்றோம்.

தரங்கம்பாடிக்குள் நுழைவோரை முதலில் எதிர்கொள்வது 1792இல் கட்டப்பட்ட கோட்டை வாயில். அதன் நெற்றியில் டென்மார்க் அரசரின் முத்திரை பொறித்திருக்கிறது. வாயிலைக் கடந்தால் ராஜ வீதி. அதன் இருபுறமும் உயர்ந்த தூண்கள் கொண்ட பழைய மாளிகைகளும் தேவாலயங்களும். வீதி நேரே சென்று கடலில் முடிகிறது. 'முடிகிறது' என்ற சொல்லை நான் அணியாகச் சொல்லவில்லை. மெய்யாகவே அதற்கப்பால் மணலும் நீருமே உள்ளன.

பிள்ளைகள் பைகளைப் போட்டுவிட்டு ஓடினர். பாதி வழியில் இளையவள் நின்றுவிட்டாள். அலையின் ஓசை அவளை நிறுத்திவிட்டது. திரும்பி என்னைப் பார்த்த பார்வையில், அல்சூர் ஏரியைக் காட்டி நான் சொன்ன பொய்க்கு உரிய தண்டனை முழுவதும் இருந்தது.

நம் கடலையும் தங்கை அனுப்பிய படத்தில் உள்ள கடலையும் ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. அட்ரியாட்டிக் மூன்று பக்கமும் நிலம் சூழ்ந்த ஒடுங்கிய கடல். அதன் கிழக்குக் கரையில் இருப்போர்க்குக் கதிரவன் கடலில் மறைவான். வங்கக் கடலோ திறந்து கிடப்பது. எங்கோ தொலைவில் எழுந்த அலைகள் தடையின்றி வந்து நம் கரையில் உடைகின்றன. இங்கே கதிரவன் கடலிலிருந்து எழுகிறான். மேலைநாட்டார் வெயில் காய்வதற்கென்றே நடுப்பகலில் கரையில் படுத்திருப்பர். நம்மவர்க்கு அந்த வேண்டுதல் இல்லை. காலை ஆறு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் கடல் நம்முடையது. இடையில் அதனை நண்டுகளுக்கு விட்டுவிடுவதே அறிவுடைமை.

இரண்டாம் நாள் காலையில் நடந்ததை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் நம் சங்கத்துக் குடும்பங்களில் இனிச் செல்வோர்க்குப் பயன்படும் என்பதனால் எழுதுகிறேன். மூத்தவன் நீச்சல் குளத்தில் பயின்றவன். அலை ஓயாது உடையும் இடத்தை விட்டு, சற்றுத் தள்ளி நுரையில்லாமல் அமைதியாய்த் தோன்றிய ஓரிடத்தைத் தேர்ந்து அவனை இறங்கச் சொன்னவன் நானே. இடுப்பளவு நீரில் நின்றவன், நான் கைபேசியில் படம் எடுத்து நிமிர்வதற்குள் மார்பளவு நீரில் இருந்தான். அடுத்த கணம் தலை மட்டும் தெரிந்தது. கரையை நோக்கி அவன் கைகளை வீசி வீசி நீந்துகிறான். ஆனால் விலகிக்கொண்டே போகிறான். எனக்கு நீச்சல் தெரியாது.

படகுக்கு அருகில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவர், "குறுக்கே வா! குறுக்கே வா!" என்று கத்திக்கொண்டே ஓடினார். பையனுக்கு அது கேட்டதோ இல்லையோ, அவர் கை காட்டிய பக்கம் திரும்பினான். கரைக்கு நேராக வராமல் கரையை ஒட்டிப் பக்கவாட்டில் இருபது முப்பது முழம் நீந்தியதும், அலை அவனைத் தூக்கி மணலில் கொண்டுவந்து போட்டது. மீனவர் இடுப்பளவு நீரில் நின்று அவன் கையைப் பற்றி இழுத்து வந்தார். அவன் குடித்த நீரை எல்லாம் வெளியே விட்டான்.

அந்த மீனவர் என்னைத் திட்டவில்லை. "அலை அடிக்கிற இடம் நல்ல இடங்க. அமைதியா இருக்கிற இடத்துலதான் இழுப்பு" என்றார். பிறகு அமர்ந்து விளக்கினார். அலைகள் ஓயாமல் கரையில் நீரைக் கொட்டுகின்றன. அந்த நீர் எப்படியாவது திரும்பிப் போக வேண்டும். மணல் தாழ்ந்த ஒடுக்கமான ஒரு வழியில் அது ஒன்றுசேர்ந்து ஆறு போல் கடலுக்குள் பாய்கிறது. அவ்வழியில் அலை உடைவதில்லை. ஆகவே ஊர் புதியவர் கண்ணுக்கு அதுவே பாதுகாப்பான இடமாய்த் தோன்றும். அந்த ஓட்டம் ஆளை அடியில் இழுப்பதில்லை. வெளியே கொண்டுபோகும், அவ்வளவுதான். எதிர்த்து நீந்துபவன் களைத்து மூழ்குகிறான். பக்கவாட்டில் விலகினால் சில கணத்தில் ஓட்டத்திலிருந்து வெளியே வந்துவிடலாம். மலைநாட்டு மேட்டு நிலத்தில் வாழும் நமக்கு இதை யாரும் சொல்லித் தருவதில்லை. கரையில் எங்கே இறங்கலாம் என்று அங்குள்ள மீனவரைக் கேட்காமல் எவரும் கால் நனைக்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். நான் கேட்டிருக்கவில்லை. அதன்பின் மீதி நாட்களில் அவர் கைகாட்டிய இடத்தில், முழங்காலளவு நீரில் மட்டுமே குளித்தோம். என் மனைவி என்னிடம் அன்று முழுதும் பேசவில்லை, அது நியாயமே.

கடலில் கால் வைக்க அஞ்சிய அந்தப் பகற்பொழுதைக் கோட்டையில் கழித்தோம். தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதரிடம் 1620இல் உடன்பாடு செய்துகொண்டு, ஓவே கெட் என்னும் கடற்படைத் தலைவர் டேனியருக்காக எழுப்பிய கோட்டை அது; டான்ஸ்போர்க் என்பது பெயர். மிளகுக்கும் துணிக்கும் வந்தவர்கள் இருநூற்றிருபத்தைந்து ஆண்டுகள் இருந்துவிட்டு, 1845இல் இவ்வூரையும் வங்காளத்தில் தம்மிடமிருந்த சிராம்பூரையும் ஆங்கிலேயருக்குப் பன்னிரண்டரை இலட்ச ரூபாய்க்கு விற்றுவிட்டுச் சென்றனர். வாணிகம் நாகப்பட்டினத்திற்குப் போயிற்று. ஊர் உறங்கத் தொடங்கியது. இன்று கோட்டையினுள் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. பீங்கான் துண்டுகள், பழைய ஆவணங்கள், பீரங்கிக் குண்டுகள் எனக் கண்டவற்றையெல்லாம் எழுதிப் பக்கத்தை நிரப்ப விரும்பவில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். பலகைகளில் எழுதியிருந்த தமிழை இளையவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். படித்தாள் என்பதைவிடத் தடுமாறினாள் என்பதே பொருந்தும். பள்ளியில் அவளுக்கு ஆங்கிலம், கன்னடம், இந்தி. தமிழ் வீட்டில் பேசுவதோடு சரி. 'அடுத்த ஆண்டு சொல்லிக் கொடுப்போம்' என்று நான் தள்ளிவைத்துத் தள்ளிவைத்து ஐந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. இதுவும் என் குற்றமே.

ராஜ வீதியில் புதிய எருசலேம் தேவாலயம் இருக்கிறது, 1718இல் கட்டியது. அதனுள்ளே அடக்கம் செய்யப்பட்டிருப்பவர் சீகன்பால்கு. ஜெர்மனி நாட்டில் பிறந்து, டென்மார்க் அரசர் அனுப்ப, 1706 சூலை 9ஆம் நாள் இக்கரையில் இறங்கியபோது அவருக்கு வயது 24 நிரம்ப ஒரு நாள் குறைவு. தமிழ் ஓர் எழுத்தும் அறியாதவர். திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் இருப்பிடத்திலேயே பள்ளி நடத்தச் செய்து, சிறு பிள்ளைகளோடு தாமும் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் 'அ, ஆ' எழுதிக் கற்றார். ஓராண்டு அளவில் பேசத் தொடங்கிவிட்டார். பின்னர் ஜெர்மனியில் வார்த்த தமிழ் அச்செழுத்துக்களை வரவழைத்தார்; அவை பெரியனவாய் இருந்து தாளை விழுங்கியதால், சிறிய எழுத்துக்கள் பொறையாரிலேயே வார்க்கப்பட்டன. 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி முடிந்தது. தமிழில் அச்சான முதல் நூல் அதுவன்று. 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அதற்கு முந்தியது. ஆயினும் இடையில் தளர்ந்து கிடந்த தமிழ் அச்சுத் தொழில் மீண்டும் உயிர்த்தது இவ்வூரில்தான். 1719இல் அவர் இறந்தபோது வயது 36. அச்சுக்குத் தாள் செய்த பட்டறை இருந்த இடம் இன்றும் கடுதாசிப் பட்டறை என்றே வழங்குகிறது. அம்மாவுக்கு அப்பெயர் குழந்தைப் பருவத்திலிருந்து தெரியும். காரணம் மட்டும் தெரியாதாம்.

இதைக் கேட்ட இளையவள் அன்று மாலை ஈர மணலில் உட்கார்ந்தாள். பாட்டியும் முழங்கால் வலியோடு பக்கத்தில் அமர்ந்தார். பாட்டி எழுத, பேத்தி எழுத, அலை வந்து அழிக்க, மீண்டும் எழுதினர். "துடைக்கவே வேண்டாத பலகை" என்றாள் அவள். ந, ண, ன என்று மூன்று எதற்கு, கன்னடத்தில் இரண்டுதானே என்று வழக்குத் தொடுத்தாள். பாட்டியிடம் அதற்கு விடை இல்லை. என்னிடமும் இல்லை. நான்காம் நாள் முடிவதற்குள் உயிரும் மெய்யும் முடித்து, உயிர்மெய்யில் கால் வைத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் விடியலில் அம்மா என்னை எழுப்பினார். மாசிலாமணி நாதர் கோயிலுக்குப் போக வேண்டும் என்றார். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306ஆம் ஆண்டு அளவில் எழுந்த கோயில் அது. அங்குள்ள கல்வெட்டு இவ்வூரைச் சடங்கன்பாடி என்று குறிக்கிறது. அலைகள் பாடும் ஊராதலால் தரங்கம்பாடி என்பது கேட்க இனிக்கும் விளக்கம். கல்வெட்டு வேறு சொல்கிறது. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் கரையிலிருந்து தள்ளி நின்றிருக்க வேண்டிய கோயிலைக் கடல் வந்து தொட்டுவிட்டது. முன்பகுதியை உண்டும் விட்டது. இப்போது கருங்கற்களைக் கொட்டித் தடுத்திருக்கிறார்கள்.

அம்மா அந்தக் கற்களின் ஓரத்தில் நின்று, நீரைக் காட்டி, "அதோ, அந்த இடத்தில்தான் நாங்கள் சோழி விளையாடுவோம்" என்றார். அவர் காட்டிய இடத்தில் அலை உடைந்துகொண்டிருந்தது. 'நாங்கள்' என்றது யாரை என்று கேட்டேன். அப்போதுதான் முதன்முறையாக அந்தத் தோழியைப் பற்றிச் சொன்னார்.

என் தாய்வழிப் பாட்டனார் பொறையாரில் பள்ளி ஆசிரியர். அவர் வீட்டிற்கு நாள்தோறும் கூடையில் மீன் கொண்டுவந்த அம்மையாரின் மகளும் என் தாயாரும் ஒரே வயது. ஐந்தாம் வகுப்புவரை ஒன்றாய்ப் படித்தவர்கள். மீனவர் குடியிருப்பில் இருந்தவள். திருமணத்திற்குப் பிறகும், பொறையார் சென்றபோதெல்லாம் அம்மா அவளைப் பார்த்து வந்திருக்கிறார். 1984க்குப் பின் தொடர்பு அற்றுப் போயிற்று. தோழிக்குக் கடிதம் எழுதும் பழக்கம் கிடையாது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்திரா அருகே கடலடியில் நிலம் நடுங்க, இரண்டரை மணி நேரம் போல் கடந்து, காலை ஒன்பது மணியளவில் இக்கரையைப் பேரலை தாக்கிற்று. அன்று தரங்கம்பாடி நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்தது. மயிலாடுதுறை தனி மாவட்டமானது 2020இல். நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிரேசர் டவுனில் எங்கள் வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சியின் முன் அம்மா அமர்ந்திருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "யாரையாவது விசாரிக்கட்டுமா?" என்று அன்று நான் கேட்டேன். "அங்கே நமக்கு யார் இருக்கிறார்கள்?" என்று எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். அந்தச் சொல்லை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

"கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். கேட்காத வரை அவள் இருக்கிறாள்" என்றார் அம்மா, கோயில் வாயிலில். வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் சொன்னதற்கு முழங்கால் காரணமன்று என்பது அப்போது விளங்கிற்று.

அன்று முற்பகலில் நாங்கள் இருவரும் இளையவளும் மீன் ஏலம் நடக்கும் இடத்திற்குச் சென்றோம். ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். ஆகையால் சிறிய பைபர் படகுகள் மட்டுமே சென்று மீண்டிருந்தன. முன்பெல்லாம் இக்கரையில் கட்டுமரங்களே கிடக்கும் என்று அம்மா சொன்னார். பேரலைக்குப் பின் வந்த உதவிகளோடு பைபர் படகுகள் பெருகிக் கட்டுமரம் அருகிவிட்டது. மணலில் வட்டமாய் நின்ற பெண்கள் மத்தியையும் சங்கராவையும் குரலெழுப்பி ஏலம் கேட்டுக்கொண்டிருந்தனர். அவர்களுள் வயதான ஒருவரிடம் அம்மா பெயரைச் சொல்லிக் கேட்டார். (அப்பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் விடுகிறேன்.) அவர் அம்மாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சுனாமி குடியிருப்புல அது மக இருக்கு. போய்ப் பாருங்க" என்றார்.

சுனாமி குடியிருப்பு என்பது பேரலைக்குப் பின் கடலிலிருந்து விலக்கிக் கட்டப்பட்ட வீடுகள். ஒரே அளவு, ஒரே அமைப்பு. ஆனால் இருபது ஆண்டுகளில் ஒவ்வொருவரும் ஒரு திண்ணையோ ஓட்டுச் சார்போ சேர்த்துத் தத்தம் வீடாக்கிக்கொண்டிருக்கிறார்கள். வாசலில் நெத்திலி காய்ந்துகொண்டிருந்த ஒரு வீட்டின் முன் நின்றோம். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வெளியே வந்து, "யாரைப் பார்க்கணும்மா?" என்றார். அம்மா தம் தந்தையாரின் தொழிலையும் தெருவையும் மட்டும் சொன்னார்.

அப்பெண், "வாத்தியார் வீட்டுப் பொண்ணா? பெங்களூரா?" என்றார்.

தோழி அந்த அலையில் மாளவில்லை. அன்று காலையில் வழக்கம் போல் கூடையைத் தூக்கிக்கொண்டு பொறையார் சென்றிருந்ததனால் தப்பினார். வீடு போயிற்று, மகன் ஒருவன் போனான். அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்து, 2016இல் காய்ச்சல் கண்டு இதே வீட்டில் இறந்திருக்கிறார். பொறையாரில் அந்தத் தெருவழியே மீன் விற்கப் போகும்போதெல்லாம், "வாத்தியார் மக பெங்களூர்ல இருக்கு, ஒரு நாள் வரும்" என்று சொல்வாராம். வீட்டை வாங்கியவர்களிடம் முகவரி கேட்டும் பார்த்தாராம். அவர்களிடம் இல்லை.

அம்மா படியில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. எத்தனை நாள் காய்ச்சல், எந்த மருத்துவர், கடைசியில் கஞ்சி குடித்தாளா என்று ஒவ்வொன்றாய்க் கேட்டார். அப்பெண்ணும் பொறுமையாய் விடை சொன்னார். பிறகு உள்ளே சென்று, அட்டையில் ஒட்டிய ஒரு சிறிய நிழற்படத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். குடும்ப அட்டைக்காக எடுத்த படம்; முகம் சற்றுச் சிவந்து மங்கியிருந்தது. அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு, "இவளுக்கு மூக்குத்தி இடப்பக்கம்" என்றார். படத்தில் இடப்பக்கமே இருந்தது.

இளையவளுக்கு என்ன புரிந்ததோ அறியேன். வாசலில் காய்ந்த நெத்திலியைக் காக்கைகளிடமிருந்து காவல் காத்துக்கொண்டிருந்தாள்.

நான்காம் நாள் மாலையில் வண்டியேறினோம். அப்பெண் நிலையம் வரை வந்து, பழைய செய்தித்தாளில் சுற்றி நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலம் ஒன்றை அம்மாவின் மடியில் வைத்துவிட்டுப் போனார். வண்டி புறப்பட்ட அரைமணியில் எதிர் இருக்கைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார். பொட்டலத்தை மேல்தட்டில் வைத்துவிடலாமா என்று நான் மெல்லக் கேட்டேன். அம்மா சேலைத் தலைப்பால் அதை மூடி, மடியிலேயே வைத்துக்கொண்டார். பெங்களூர் வந்து சேரும் வரை கீழே வைக்கவில்லை.

இப்போது ஞாயிறுதோறும் இரண்டு வீடுகளுக்கும் தொலைபேசிப் பேச்சு நடக்கிறது. வரும் தை மாதம் அப்பெண் தம் மகளோடு பிரேசர் டவுனுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். வந்தால் முதலில் எங்கே அழைத்துப் போவது என்று எங்கள் வீட்டில் பேச்சு எழுந்தது. அல்சூர் ஏரிக்கு என்கிறாள் இளையவள். "ஆனால் அப்பா, நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது" என்பது அவள் விதித்திருக்கும் கட்டளை.